கையின் அறிவுக்கு இலக்கியத்தில் இடமில்லையா?

திருப்பூரில் இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். வீட்டிலுள்ள பழைய காற்றுத் துப்பாக்கிக்கு ‘சைட்’ மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று நண்பர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் என் வழக்கு.

நம் கதைகளில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. ஜமீன்தாரின் சுவரில் தொங்கும். காவலரின் கையில் நீளும். குறி தப்பினால் மட்டும் கை நடுங்கியது என்று எழுதி முடித்துக்கொள்கிறோம். வேறு காரணம் இருக்கலாம் என்பது எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

சைட் மாற்றிப் பார்த்தவருக்குத் தெரியும். குண்டு இடப்பக்கம் போனால் பின்சைட்டை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முன்சைட்டை நகர்த்துவதானால் இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவே 40 செ.மீ. இருந்தால், பின்சைட்டின் 1 மி.மீ. பிசகு 10 மீட்டர் தொலைவில் 25 மி.மீ. ஆகிவிடும். ஒலிம்பிக் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் மையப்புள்ளியே 0.5 மி.மீ.தான். 2008-இல் பெய்ஜிங்கில் இறுதிச்சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு மையத்தை விட்டு வெகுவாக விலகியபோது, அபினவ் பிந்த்ரா கோளாறு தம் கையில் அல்ல, சைட்டில் என்று கண்டுகொண்டார். அதைத் திருத்திக்கொண்டு தங்கம் வென்றார். இதில் கதை இல்லையா?

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டுப்போனால், ஊசிக்கும் லூப்பருக்கும் உள்ள மயிரிழை இடைவெளியைக் கண்ணளவில் சரிசெய்யும் மெக்கானிக்குகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அந்த மயிரிழையில்தான் இவ்வூரின் சோறு இருக்கிறது. ஆனால் பனியன் கம்பெனியை எழுதப் புகுந்தால் நமக்கு முதலாளியின் கொடுமையும் தொழிலாளியின் கண்ணீரும் மட்டுமே கண்ணில் படுகின்றன. இரண்டும் உண்மையே. எனினும் கைத்திறனைப் பறித்துவிட்டுக் கண்ணீரை மட்டும் கொடுத்தால், அந்தத் தொழிலாளி பாதி மனிதர். இரக்கத்தின் பெயரால் நாம் செய்யும் அவமதிப்பு இது.

ஆயுதத்தைக் கொண்டாடுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் பேசுவது உரிமம் தேவைப்படாத 0.177 காற்றுத் துப்பாக்கியைப் பற்றி. வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் வீட்டில் கைவைக்கவே கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதைச் செய்வதற்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. செய்வதையும் செப்பனிடுவதையும் ஒரே வரியில் வைக்கச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இலக்கியம் எழுதுகிற நாமோ முன்னதைப் படைப்பு என்கிறோம், பின்னதைச் சில்லறை வேலை என்கிறோம்.

நண்பரின் அடுத்த கதையிலும் துப்பாக்கி வரட்டும். திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அதைப் பிடிப்பவருக்குத் தெரிந்திருக்கட்டும்.