விலை உயர்ந்த பெட்ரோல், வலிமை மிகுந்த பெட்ரோலா?



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமீதுள்ள வெள்ளிமலைக்குக் காரில் செல்லும் குடும்பத்தினர், மலையேறுவதற்கு முன் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துவது இயல்பு. அங்கே இருவகைப் பெட்ரோல் இருக்கும். ஒன்று சாதாரணப் பெட்ரோல். மற்றொன்று எக்ஸ்பி 95, பவர் 95, ஸ்பீட் என்பன போன்ற பெயர்களைத் தாங்கி, லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக விற்பது. "மலை ஏறப்போகிறோம், இன்றைக்கு நல்லதையே போட்டுக்கொள்வோம்" என்று இல்லத்தலைவர் சொல்வார். விலை கூடியது தரம் கூடியதாகத்தான் இருக்கும், தரம் கூடியது வண்டிக்கு வலிமை தரத்தான் செய்யும் என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

முதலில், பெட்ரோலுக்குச் சொல்லப்படும் எண் எதைக் குறிக்கின்றது என்று அறிதல் வேண்டும். என்ஜினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்க, பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அழுத்துகின்றது. தக்க தருணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தெறிக்கச் செய்கின்றது. நெருப்பு ஒரு முனையில் தொடங்கி ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. ஆனால், அழுத்தமும் வெப்பமும் அளவு மீறினால், நெருப்பு வந்து சேருமுன்னரே எஞ்சியுள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது என்ஜினில் 'டக் டக்' என்று தட்டும் ஓசை எழும். மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பர். இது தொடர்ந்தால் பிஸ்டனே பழுதாகும்.

இவ்வாறு தானாக வெடித்துவிடாமல் பொறிக்காகக் காத்திருக்கும் தன்மையை அளப்பதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்னும் பொருள் எளிதில் தட்டாது, அதற்கு 100. ஹெப்டேன் என்னும் பொருள் மிக எளிதில் தட்டும், அதற்கு 0. கிரகாம் எட்கர் என்னும் அமெரிக்க வேதியியலார் 1920-களின் பிற்பகுதியில் இவ்விரண்டையும் அளவுகோலாக வகுத்தார். ஒரு பெட்ரோலின் எண் 91 எனில், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவு தாங்குமோ அந்த அளவு அது தாங்கும் என்பதே பொருள். இவ்வளவில் எங்கேனும் 'வலிமை' என்னும் சொல் வந்ததா? வரவில்லை. எளிதில் தீப்பற்றாமை வேறு. மிகுந்த வெப்பம் தருதல் வேறு. பச்சை விறகு தாமதமாகத் தீப்பற்றுகின்றது என்பதற்காக, அது காய்ந்த விறகினும் சிறந்தது என்று எந்த இல்லத்தலைவியும் சொல்லமாட்டார்.

இதற்கு நம் கண்முன்னேயே ஒரு சான்று உண்டு. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேற்பட்டது. ஆயினும் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் உயர்ந்தது, வெப்பமோ தாழ்ந்தது.

அப்படியானால் உயர்ந்த எண் யாருக்குப் பயன்படும்? கலவையை மிக இறுக்கி அழுத்தும்படி வடிவமைக்கப்பட்ட என்ஜின்களுக்கும், டர்போ பொருத்திய சில என்ஜின்களுக்கும் பயன்படும். அவற்றுக்குத் தாழ்ந்த எண்ணுள்ள பெட்ரோலைப் போட்டால் தட்டும், அல்லது ஆற்றல் குறையும். ஆனால், சாதாரணப் பெட்ரோலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட என்ஜினில், பழுது ஏதும் இல்லாதவரை, தட்டல் தோன்றுவதே இல்லை. தோன்றாத ஒன்றைத் தடுப்பதற்குக் கூடுதல் விலை கொடுப்பானேன்? ஒரு குடையிலேயே நனையாமல் செல்பவர் இரண்டாவது குடையையும் விரித்துப் பிடிப்பதால் அடையும் பயன் யாது?

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க வாகனச் சங்கமாகிய 'ஏஏஏ' 2016-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தது. சாதாரணப் பெட்ரோலுக்கென அமைந்த கார்களில் உயர்வகைப் பெட்ரோலை இட்டு, ஆற்றல், எரிபொருள் சிக்கனம், புகை ஆகிய மூன்றையும் அளந்தது. குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. அந்நாட்டு மக்கள் இவ்வாறு தேவையின்றி ஓராண்டில் செலவிட்ட தொகை 210 கோடி டாலருக்கு மேல் என்றும் அச்சங்கம் கணக்கிட்டது.

நம் நாட்டில் இப்போது இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. ஒருகாலத்தில் இங்கு விற்ற சாதாரணப் பெட்ரோலின் எண் 88. பின்னர் அது 91 ஆயிற்று. இப்போது நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. இதனால் சாதாரணப் பெட்ரோலின் எண்ணே 95-ஐ எட்டியுள்ளது என்று 2025-இல் மத்திய பெட்ரோலியத் துறை அறிவித்தது. ஆகவே, 95 என்னும் எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பவர், தம் கையில் ஏற்கெனவே உள்ள பொருளை மறுமுறையும் வாங்குபவர் போலாகின்றார். விலை கூடிய வகைகளில் என்ஜினின் உட்புறத்தைத் தூய்மை செய்யும் சில பொருள்கள் சேர்க்கப்படுவது உண்மையே. ஆனால் அது தூய்மை பற்றியது; வலிமை பற்றியதன்று.

எத்தனால் என்றதும் நம் மாவட்டத்து உழவர் முகம் மலரக்கூடும். கரும்பிலிருந்தும், சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும் அது எடுக்கப்படுகின்றது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கண்ட மண் நம் மண். எனினும் பழைய வண்டி வைத்திருப்போர் கவலைப்படுவதிலும் நியாயம் உண்டு. எத்தனாலற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்கேற்பச் சரிசெய்யப்பட்ட கார்கள் 20 விழுக்காட்டுக் கலவையில் ஓடும்போது மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரையிலும், அத்தகைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு வரையிலும் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே கூறுகின்றது. இதற்கு அஞ்சிச் சிலர் விலை கூடிய பெட்ரோலை நாடுகின்றனர். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 95 என்னும் எண், எத்தனால் இல்லை என்பதற்கு அடையாளம் அன்று. உங்கள் வண்டி இக்கலவைக்கு ஏற்றதா, ரப்பர்க் குழாய்களை மாற்ற வேண்டுமா என்பதை, அதைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டறிவதே முறை.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலைத்தொடர் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம் உடையது. 3,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிவதால் சாதாரண என்ஜினின் ஆற்றலும் ஏறக்குறைய அந்த அளவே குறைகின்றது. குறைந்த காற்றை எந்தப் பெட்ரோலும் ஈடுசெய்ய இயலாது. மேலும், காற்று மெலிந்த இடத்தில் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவதால், தட்டும் வாய்ப்பு கூடுவதில்லை, குறையவே செய்கின்றது. அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதிகளில், சமவெளியில் விற்பதைவிடத் தாழ்ந்த எண்ணுள்ள பெட்ரோல் நெடுங்காலமாக விற்கப்படுவது இக்காரணம் பற்றியே. ஆக, 'மலைக்குப் போவதால் உயர்ந்த பெட்ரோல்' என்னும் வழக்கு, உண்மையைத் தலைகீழாகப் பிடித்ததாகும்.

மேட்டில் வண்டி தட்டினால்? உயர்ந்த கியரில் மெதுவாக ஏற முயல்வதே பெரும்பாலும் காரணம். கியரைக் குறைத்தால் ஓசை அடங்கும். அடங்காவிடில் பிளக், பொறி தெறிக்கும் நேரம், குளிர்விக்கும் நீர், உள்ளே படிந்த கரி ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். விலை கூடிய பெட்ரோல் ஓசையை மறைக்கலாம், நோயைத் தீர்க்காது. மலைச் சிற்றூர்களுக்கு மோட்டார் சைக்கிளில் சென்றுவரும் உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் இதுவே பொருந்தும். டீசல் ஜீப்புகளுக்கோ ஆக்டேன் எண்ணோடு தொடர்பே இல்லை.

பெயரைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கு இவ்வெண்ணின் வரலாறே ஒரு பாடம். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்பார் ஓர் ஈயச் சேர்மம் தட்டலைத் தடுப்பதைக் கண்டார். அதனை 'எத்தில்' என்னும் இனிய பெயரால் விற்றனர். ஈயம் என்ற சொல் விளம்பரத்தில் இடம்பெறவில்லை. அந்த ஈயப்புகை உலகெங்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் அது 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. சாலை வாகனங்களுக்கு அதனை விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா 2021-இல்தான் நிறுத்தியது. இன்றைய உயர்வகைப் பெட்ரோலில் அத்தகைய தீங்கு இல்லை. எனினும், பெயரைவிடப் பொருளை ஆராய்வதே அறிவுடைமை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். பெட்ரோலில் ஓடும் வாடகைக் கார் ஒன்று நாளுக்கு 10 லிட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓடினால், 250 லிட்டருக்கு 2,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 ரூபாய். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகக் கடன் வாங்கும் ஓட்டுநர் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. அதே பணத்தில் தேய்ந்த டயர்களை மாற்றலாம், பிரேக்கைச் சரிபார்க்கலாம். வெள்ளிமலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் நம் பிள்ளைகளைக் காப்பவை அவையே. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் வண்டியை உருளவிடாதீர்கள். ஓயாமல் மிதிக்கப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

எந்தப் பெட்ரோல் போடுவது என்பதற்கு விடை, வண்டியோடு தந்த கையேட்டில் உள்ளது. பல கார்களில் டேங்க் மூடியின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே உயர்ந்த எண் கட்டாயம் என்றிருந்தால் தயங்காமல் அதையே போடுங்கள். இல்லையெனில் சாதாரணப் பெட்ரோலே போதும். மிஞ்சும் பணத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த பயணத்திற்கு முன் மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டிவிட்டு வாருங்கள்.