கள்ளில் கிருமி வாழாதா?

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு மேற்கே கள் உரிமம் பெற்ற வணிகம். கிழக்கே, அதே தென்னையில் இறங்கினாலும், 1987 முதல் குற்றம். இந்த முரணைச் சாடுவோரில் சிலர் ஒரு வாதத்தையும் துணைக்கு அழைக்கின்றனர்: கள்ளில் ஆல்கஹால் உண்டு, ஆகவே அதில் கிருமி வாழாது. கள் இறக்கும் உரிமைக்கு வலுவான காரணங்கள் பல உள. இது அவற்றுள் ஒன்றன்று.

கையில் தேய்க்கும் கிருமிநாசினியில் ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்குக் குறையாது. தென்னங்கள்ளுக்குக் கேரள விதிகள் வகுத்த உச்சவரம்பு 8.1. முன்னது பாக்டீரியாவின் புரதங்களைச் சிதைத்து, சவ்வை உடைத்துவிடும். பின்னது சவ்வை நெகிழ்த்திக் கசியவிடும், அவ்வளவே. நெகிழ்ந்ததைத் திருத்திக்கொள்ளப் பாக்டீரியாக்களுக்குத் தெரியும்.

கள்ளில் ஈஸ்டோடு சேர்ந்து சர்க்கரையை ஆல்கஹாலாக்குவதே சைமோமோனாஸ் மொபிலிஸ் என்னும் பாக்டீரியாதான். அதன் சவ்வில் வாக்செனிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பமிலமே மிகுதி. நம் உயிரணுச் சவ்வில் கொலஸ்டிரால் ஆற்றும் பணியை அதில் ஹோப்பனாய்டுகள் ஆற்றுகின்றன. தான் சுரந்த ஆல்கஹாலில் தானே மிதந்து வாழும் இவ்வுயிருக்கு ஆக்சிஜன்தான் தொல்லை: காற்று மிகுந்தால் அசிட்டால்டிஹைடு தேங்கி வளர்ச்சி குன்றும். அசிட்டோபாக்டருக்கோ காற்றின்றி வாழ்வில்லை. ஆல்கஹாலே அதற்கு இரை, அசிட்டிக் அமிலம் அதன் கழிவு. காலைக் கள் நாள்பட்டுக் காடியாவது இதனால்தான். (இவ்விரு வினைகளையும் ‘புளித்தது’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்; குழப்பத்தில் அதற்கும் பங்குண்டு.)

இவை கள்ளுக்குரியவை, நோய்க்கிருமிகள் அப்படியல்லவே என்பர். மனிதக் குடலில் வாழும் ஈ.கோலையைப் பாருங்கள். சிறிதளவு ஆல்கஹாலில் வளர்க்கும்போது அதன் சவ்வில் பால்மிட்டிக் அமிலம் குறைந்து வாக்செனிக் அமிலம் கூடுகிறது. நெகிழ்ந்த சவ்வை நிறைவுற்ற கொழுப்பால் இறுக்கும் என்று எதிர்பார்த்தால், அது நேர்மாறாகச் செய்து பிழைக்கிறது. ஆல்கஹால் ஏற ஏற அதன் வளர்ச்சி நிற்கும், உண்மை. ஆனால் வளர்ச்சி நிற்பது வேறு, சாவது வேறு. மேலும், இறக்கிய உடன் குடிக்கும் கள்ளில் ஆல்கஹால் உச்சவரம்பை எட்டியிருப்பதில்லை.

ஆகவே கலயத்தை எந்த நீரில் கழுவினார்கள், பாளையிலிருந்து கோப்பைக்கு வர எத்தனை மணி நேரமாயிற்று என்று கேட்கத்தான் வேண்டும். ஆல்கஹால் அளவை மட்டும் பார்க்கும் அதிகாரி அதைக் கேட்பதில்லை. கள்ளுக்காக வாதாடுவோராவது கேட்கலாம்.