ஹீட்டர் ஒழுகுகிறதா? எங்கிருந்து என்று பாருங்கள்

குளியலறை ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். கீழே தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டர் உள்ள வீவக வீடுகளில் இது புதிதல்ல. உடனே, "ஹீட்டர் போச்சு, புதுசுதான் வாங்கணும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில வெள்ளியோடு முடியுமா, சில நூறு வெள்ளி ஆகுமா என்பது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். ஈரக் கையோடு தொடக்கூடாது. மின்பெட்டியில் ஹீட்டருக்கான எம்சிபியையும் இறக்கிவிடுங்கள். தொட்டி ஆறியதும், மேலே எட்டிப் பார்க்க வசதியிருந்தால் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, சந்தேகமுள்ள இடங்களில் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். முதலில் நனையும் இடம்தான் குற்றவாளி.

குழாய் இணைப்பில் நனைந்தால் கவலை குறைவு. வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது வளையும் குழாய் பழையதாகியிருக்கும். மாற்றினால் சரி.

பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டினால், எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தொட்டியை 70 டிகிரிவரை சூடாக்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் கூடுகிறது. அது வால்வு வழியே வெளியேறுவது இயல்பே. சுவிட்சை அணைத்துச் சில மணி நேரம் ஆகியும் சொட்டு நிற்கவில்லையா? வால்வில் அழுக்கு சிக்கியிருக்கலாம், அல்லது குழாயில் நீரழுத்தம் அதிகமாக இருக்கலாம்.

எக்காரணம் கொண்டும் அந்த வால்வின் வாயை அடைத்துவிடாதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானால், உள்ளே பெருகும் அழுத்தத்துக்கு அது ஒன்றுதான் வழி. அதை அடைத்தால் தொட்டி வெடிக்கலாம்.

தொட்டியின் அடிமூடியிலிருந்து வடிந்தால் நீங்களே திறக்க வேண்டாம். சூடேற்றும் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மட்டும் கெட்டிருந்தால் மாற்றலாம். வருவது துருநிறத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் தொட்டியே அரித்துப் போயிருக்கும். அதற்கு ஒட்டுப்போட முடியாது, புதியதுதான். ஹீட்டரைப் போட்டதும் ஆர்சிசிபி இறங்குகிறதென்றால் மின்கசிவு இருக்கிறது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். புதிய வீடுகளில் ஆர்சிசிபி கட்டாயமானது 1985 ஜூலையில்தான். உங்கள் வீடு அதற்கு முந்தையது என்றால், அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஹீட்டர் காய்ந்திருக்க, மேலே கான்கிரீட் மட்டும் ஈரமாக இருக்கிறதா? கசிவு மாடி வீட்டுத் தரையிலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்தே உண்டு. சண்டைக்குப் போகாமல் பேசிப் பாருங்கள்.

பழுதுபார்க்க, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரையும், மின்வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரையும் அழையுங்கள். எங்கே, எப்போது சொட்டுகிறது என்று நீங்கள் சொல்லிவிட்டால், தேவையில்லாத புது ஹீட்டரை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் பணிப்பெண்ணுக்கும் ஹீட்டர் சுவிட்ச் எது, தண்ணீரை நிறுத்தும் வால்வு எது என்று இந்த வாரமே காட்டிக் கொடுங்கள்.