777 கொடுப்பது தீர்வாகாது

புதுமடம், கீழக்கரை போன்ற ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களைச் சேர்ந்த பலர் வெளிநாடுகளில் பணியாற்றுகின்றனர். அவர்களுக்காக ஊர்ச் செய்தியும் படங்களும் தரும் இணைய தளம் ஒன்றை நீங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரிப்பதாக வைத்துக் கொள்வோம். விண்டோஸில் எல்லாம் சரியாக இயங்கும். லினக்ஸ் சர்வரில் ஏற்றிய பின், படம் அப்லோட் செய்கையில் "பெர்மிஷன் டினைட்" என்ற செய்தி கிடைக்கும். உதவி கேட்டால் பலரும் கூறுவது, "போல்டருக்கு 777 கொடுங்கள்" என்பதுதான். கொடுத்தால் பிழைச் செய்தி மறைந்துவிடும். ஆனாலும் இது தவறான ஆலோசனை என்பதே என் கருத்து.

லினக்ஸில் ஒவ்வொரு பைலுக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குரூப்பும் உண்டு. மீதமுள்ள அனைவரும் "மற்றவர்கள்". மூன்று இலக்கங்களும் முறையே இந்த மூன்று தரப்பினருக்கான அனுமதி. படிக்க 4, எழுத 2, இயக்க 1; மொத்தம் 7. போல்டரைப் பொறுத்தவரை 1 என்பது உள்ளே நுழையும் அனுமதி. ஆக, 777 என்பது படகின் சாவியைக் கரையில் நிற்கும் எல்லாரிடமும் கொடுப்பதைப் போன்றது.

பிழை ஏன் வருகிறது? பைலை ஏற்றியது நீங்கள், உரிமையாளரும் நீங்களே. ஆனால் பல சர்வர்களில் பிஎச்பி ஸ்கிரிப்ட் உங்கள் பெயரில் இயங்குவதில்லை. உபுண்டுவில் அது வழக்கமாக "டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா" என்ற யூசர் பெயரில் இயங்கும். அந்த யூசர் உங்கள் போல்டருக்கு "மற்றவர்". எனவே எழுத முடிவதில்லை. சிக்கல் உரிமையாளர் யார் என்பதில்தான்.

எழுத அனுமதி உள்ள போல்டரால் வரும் ஆபத்துக்கு 2011 ஆகஸ்ட்டில் வெளியான டிம்தம்ப் குறைபாடு நல்ல சான்று. வேர்ட்பிரஸ் தீம்கள் பலவற்றில் படங்களைச் சிறிதாக்கப் பயன்பட்ட ஸ்கிரிப்ட் அது. வெளித் தளங்களிலிருந்து எடுத்ததை, இணையம் வழியே திறக்கக்கூடிய போல்டரில் அது சேமித்தது. படம் என்ற பெயரில் பிஎச்பி பைலை அங்கே இறக்கி, ஹேக்கர்கள் தளங்களைக் கைப்பற்றினர். எழுதும் இடம் எவ்வளவு அதிகமோ, அவர்களுக்கு அவ்வளவு வசதி.

எனவே, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் ஸ்கிரிப்ட் யார் பெயரில் இயங்குகிறது?" என்பதே. உங்கள் பெயரில் என்றால் போல்டர்களுக்கு 755, பைல்களுக்கு 644 போதும். இல்லையெனில், அப்லோட் போல்டரின் குரூப்பை மட்டும் சர்வரின் குரூப்பாக மாற்றச் சொல்லி 775 தரலாம். அந்த போல்டரில் பிஎச்பி இயங்காதபடி தடுக்கச் சொல்வதும் அவசியம். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள பைலை மற்றவர்கள் படிக்கக் கூடாது. ஸ்கிரிப்ட் உங்கள் பெயரில் இயங்கினால் அதற்கு 600 கொடுங்கள்.

ஏற்கனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றே பைல்ஸில்லாவில் போல்டர் மீது ரைட் கிளிக் செய்து, பைல் பெர்மிஷன்ஸ் பகுதியில் எண்ணைப் பார்த்திடவும். 777 இருந்தால் மாற்றி விடுங்கள். ஊர் மக்களின் போன் எண்களும் படங்களும் அந்தத் தளத்தில் உங்களை நம்பித்தான் இருக்கின்றன.