குளவி வந்தது, செய்தி வரவேண்டும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களிலும் கல்வராயன் மலையிலும் மரவள்ளி முக்கியப் பணப்பயிராகும். 2020இல் இந்தியாவில் தென்பட்ட புதுவகை மாவுப்பூச்சி, நுனிக்குருத்தைச் சுருட்டிச் செடியைக் குட்டையாக்கிவிடுகிறது. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்க விவசாயிகளை வாட்டியது. தென் அமெரிக்காவில் தேடிக் கண்டெடுத்த சிறு ஒட்டுண்ணிக் குளவியை 1981 முதல் வயல்களில் விட்டு அதை அடக்கினார்கள். ஏழை நாடுகளுக்காகவே நடந்த ஆராய்ச்சி அது. அந்தக் குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

குளவி தானே பறந்து பரவும். ஆங்கிலக் கட்டுரை அப்படி மலையேறாது. விவரம் தெரியாத விவசாயி, வெள்ளையாக எதைக் கண்டாலும் மருந்தடிப்பார். மாவுக்குள் பதுங்கிய பூச்சி பிழைக்கும், குளவி சாகும். பூச்சி தாக்கிய தோட்டத்துக் கரணையையே அடுத்த ஊருக்கும் கொண்டுபோவார். குற்றம் அவருடையதல்ல.

1960களில் தஞ்சையில் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. வானொலி பேசிய தமிழ் அப்படி! இன்றும் ஆராய்ச்சி முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, கரணை வெட்டும் முன்பே ஊராட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். அச்சிடுமுன் மலையாளிப் பழங்குடி விவசாயிகள் நாலு பேரிடம் படித்துக் காட்டட்டும். அவர்களுக்கு விளங்காத வரியை அடித்துவிட்டு வேறு எழுதலாம்.