பொதுச்சுவரில் ஏறும் ஓதம்

கும்பகோணத்து அக்கிரகாரங்களைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில், ஒரு வீட்டார் புதிதாக எழுப்பிய குளியலறையின் நீர் மறுவீட்டுப் பூஜையறைக் காரையைப் பெயர்த்துவிட்டால், தலைமுறை தலைமுறையாகக் கொலுவுக்கு அழைத்துக்கொண்ட சிநேகம் ஒரே மழைக்காலத்தில் விரோதமாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஓதம் யாவும் ஒரே வகையன்று. அஸ்திவாரத்து மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சும் ஈரம் பெரும்பாலும் மூன்று, நான்கு அடி உயரத்தோடு நின்று, உப்புப் பூத்து, எவருடைய குற்றமுமின்றி இருபுறமும் பரவும். உடைந்த குழாயின் கசிவோ கோடையிலும் காயாது, உயரமும் பாராது. (போதாக்குறைக்கு, பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசி அதன் சுவாசத்தை அடைத்துவிட்டுக் கொத்தனாரை நோவது நம் வழக்கம்!) ஆதலின், காரணத்தை நிர்ணயிக்குமுன் செலவைப் பங்கிடுவது நோயறியாமல் மருந்துக்கு விலை பேசுவதாகும். மண்ணின் ஈரமெனில் சரிபாதி. குழாயின் பிழையெனில், அண்டைவீட்டுக் காரை உட்பட முழுச் செலவையும் குழாய்க்கு உரியவரே ஏற்பதுதான் நியாயம்.

அப்படியும் மனஸ்தாபம் தீராவிடில், சிவில் வழக்குத் தொடுக்குமுன், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மக்கள் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே இருவரும் சம்மதித்து ஏற்ற தீர்ப்பின்மீது அப்பீல் கிடையாது.