மலையேற்றமும் மாணவர் மனப்பான்மையும்

வார இறுதியில் மலையேறுவதும் காட்டோரத்திற் கூடாரமடித்து இராத்தங்குவதும் நம் பல்கலைக்கழக மாணவரிடையே இன்று ஒரு நாகரிகமாகிவிட்டன. ஹந்தானை அடிவாரத்தில் வாழும் நமக்கு மலை அந்நியமன்று. முதலாம் வருடத்திலேயே அதன் உச்சியை ஒருமுறை மிதித்துவிடுகிறோம். அதன்பின் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை என்று பட்டியல் நீள்கிறது. இதனைக் குறைகூற நான் வரவில்லை. விடுதிக்கும் நூலகத்துக்குமிடையே காலங்கழிப்பவனிலும் காலில் முட்குத்தத் திரிபவன் மேலானவன் என்பதே என் கட்சி. நான் எதிர்ப்பது, மலையேறப் போகும் மாணவன் தன் முதுகுப்பையோடு சுமந்து செல்லும் ஒரு பொய்யை. 'யாருமற்ற காடு' என்பதே அப்பொய்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நண்பர் நால்வரை என் மாவட்டத்துக் குடும்பிமலைக்கு அழைத்துச் சென்றேன். அழைத்துச் சென்றேன் என்று எழுதும்போதே கூசுகிறது. நானும் அதற்குமுன் அம்மலையை அணுகிப் பார்த்தவனல்லன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரை எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிவது படுவான்கரை. பெரிய பாடசாலைகளும் கந்தோர்களும் இக்கரையில். நெல்லும் பாலும் தயிரும் அக்கரையிலிருந்து வருவன. எழுவான்கரையிற் பிறந்த நான் அத்தயிரை உண்டு வளர்ந்தேன். அது வந்த வழியை இருபத்திரண்டு வயதுவரை அறிந்தேனல்லேன். நம்மூர்ப் படித்தவர் பலரின் நிலையும் இதுவே.

கிரானிலிருந்து மேற்கே புலிபாய்ந்தகல் வழியாகச் செல்லும் பாதை மாரியில் வெள்ளத்தில் மூழ்கிவிடும். அக்காலத்தில் அப்பகுதி மக்கள் தோணியிலும் இயந்திரப் படகிலுந்தான் கடப்பர். நாங்கள் சென்றது கோடை. புழுதியைத் தவிர வேறு இடரில்லை. நண்பரொருவரின் பயணக் குறிப்பில் மலையின் பெயர் 'தொப்பிகல' என்றிருந்தது. ஆங்கிலேயர் அதனைப் 'பரன்ஸ் கப்', அதாவது பிரபுவின் தொப்பி, என்றனர். 2007 ஜூலை 11இல் அரச படைகள் அதனைக் கைப்பற்றியபோது நாடெங்கும் ஒலித்ததும் தொப்பிகல என்ற பெயரே. பெயர்ச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒருவர் கண்ணுக்குத் தொப்பியாகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்குக் குடும்பியாகத் தெரியலாம். ஆயின், தமிழ்ச் சங்கத்து மாணவர் ஐவரில் ஒருவரேனும் அடிவாரத்தில் வாழ்வோர் அதனை எவ்வாறழைக்கின்றனர் என்று புறப்படுமுன் கேட்கவில்லையே, அதுதான் என்னை உறுத்துகிறது.

பகலில் மலையேறினோம். உச்சியில் வழமையான கூச்சல், வழமையான புகைப்படங்கள். இறங்கியபின் ஒரு குளத்தருகே, புல் தேய்ந்து வெளித்திருந்த இடமொன்றைக் கண்டு, நமக்கென்றே அமைந்த இடமென மகிழ்ந்து கூடாரமடித்தோம். தீ மூட்டினோம், பாட்டுப்பெட்டியும் அலறியது. பொழுதுபடுகையில் மாடுகள் வந்தன. வந்தவை தீயையும் ஒளியையும் கண்டு மிரண்டு, சற்றுத் தொலைவில் தலையுயர்த்தி நின்றுவிட்டன. அவற்றின் பின்னே வந்த முதியவர் எம்மை வையவில்லை. "மனே, இது மாடு தண்ணிக்கு வாற வழி. கூடாரத்தக் கொஞ்சம் அங்கால கட்டினா நல்லம்" என்று மட்டுஞ் சொன்னார். புல் ஏன் தேய்ந்திருந்தது என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. தலைமுறை தலைமுறையாக மிதிபட்ட ஒரு வழியின் நடுவே படுத்துக்கொண்டு, மனித வாடையற்ற காடு என்று வியந்திருக்கிறோம்!

முல்லைத்திணையைப் பாடமாகக் கற்கும் மாணவர் நாங்கள். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர் ஏறுதழுவுவதைப் பற்றி ஒன்பது பக்கத்துக்கு விடையெழுதிப் புள்ளி பெற்றவனும் எம் ஐவருள் இருந்தான். உயிரோடு எதிரே நின்ற ஆயரிடம் அவனுக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. விரிவுரையாளர்கள் என்னைப் பொறுத்தருள்க: இது அவன் குற்றம் மட்டுமன்று.

அன்றிரவு அம்முதியவரின் பட்டியருகே தங்கினோம். யானைவெடி இரண்டு முறை கேட்டது. அவர் சொன்னவை சுருக்கமானவை. பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கியதும் மாடுகளை வயற்புறத்தில் வைத்திருக்க இயலாது. அவற்றை மேற்கே மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்து மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் சென்று, அறுவடை முடிந்தபின்னரே திருப்பிக் கொணர்வர். அம்மேய்ச்சற்றரைகளில் வெளிமாவட்டத்தார் பயிர்செய்கின்றனர், மாடுகள் கொல்லப்படுகின்றன என்பது பண்ணையாளரின் நெடுநாள் முறைப்பாடு. இதனை முன்வைத்து 2023 செப்டெம்பரில் அவர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அந்நிலமோ மகாவலி அபிவிருத்தித் திட்டத்துக்குரியது என்பது அதிகாரிகள் தரப்பு வாதம்.

மலையேறும் மாணவனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஒரு நிலத்தை மக்களிடமிருந்து பறிப்பதற்கு முதற்படி, அங்கு மக்களே இல்லை என்று நம்புவதும் நம்பவைப்பதுமாகும். கோப்பில் 'பயன்படாத நிலம்' என்று எழுதுகிறவனும் புகைப்படத்தின் கீழ் 'மனிதர் காலடி படாத காடு' என்று எழுதுகிறவனும் ஒரே கண்ணால்தான் பார்க்கின்றனர். முன்னவனுக்கு அதிகாரமுண்டு, பின்னவனுக்கு இல்லை, வேறுபாடு அவ்வளவே. எங்கள் புகைப்படங்களைத் திரும்பப் பார்த்தேன். இருநூறுக்கு மேற்பட்டவை. மலையுண்டு, அந்திவானமுண்டு, எங்கள் பற்களும் உண்டு. மாடொன்றுகூட இல்லை.

"ஓய்வுக்காகப் போகும் இடத்திலும் அரசியலா?" என்றான் உடன்வந்த நண்பன். அம்முதியவருக்கு வார இறுதி என்றொன்றில்லை. விடியுமுன் பால் கறந்தாக வேண்டும். அவர் வாழ்வின்மீது நமது ஓய்வை விரித்துப் படுத்துவிட்டு, அரசியல் வேண்டாம் என்பதும் ஓர் அரசியலே. உல்லாசப் பயணிகள் பெருகினால் அவ்வூர்களுக்கு வருமானம் வரும் என்று வேறொரு நண்பன் வாதித்தான். வரலாம். நாங்கள் ஐவர் அவ்விரண்டு நாளிலும் அங்கே செலவிட்டது ஒரு சிறு கடையில் ஐந்து தேநீருக்கு. எஞ்சிய உணவெல்லாம் நகரத்துக் கடையில் வாங்கிய பொதிகள். அவற்றின் உறைகளை மட்டும் அங்கே விட்டுவரவிருந்தோம். இரவில் காய்ச்சிக் கொடுத்த பாலுக்கு அம்முதியவர் காசு வாங்கவில்லை.

சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவை இம்முறை அம்மலைப் பக்கமே வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். நாளை நாம் குறிப்பதன்று. மழைக்கு முன் மாடுகள் மேற்கே சாய்க்கப்படும் நாளைப் பண்ணையாளரே சொல்வர். அவற்றின் பின்னே இரண்டு நாள் நடக்க வேண்டும். அவர்கள் இசைந்தால் மட்டுமே போவோம். வர விரும்புவோர் என்னிடம் பெயரைத் தரலாம். கூடாரம் கொண்டுவர வேண்டாம்.